செலினுக்கு ஒரு பாவம் வேண்டும்

"உங்க பொண்ணுகிட்ட பாவமே இல்லையாம்மா" என்று கோயில் சிஸ்டர் சொன்னபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா?

பெருமை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். பரீட்சையில் முதல் ரேங்க் என்று யாரோ சொன்னது மாதிரி முகமெல்லாம் மலர்ந்து, "அப்படியா சிஸ்டர்" என்று கேட்டு, துப்பட்டாவைக்கூடச் சரிசெய்துகொண்டேன். சிஸ்டர் முகத்தில் சிரிப்பு இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

விஷயம் இதுதான். என் மகள் செலினுக்கு எட்டு வயது. எங்கள் பங்குக் கோயிலில் இந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை — அதாவது, பூசையில் ஃபாதர் தருகிற நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குகிற நாள். எங்கள் வீடுகளில் இது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவத்தி, மதியம் பிரியாணி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் முதல் பாவசங்கீர்த்தனம். ஃபாதரிடம் போய் மண்டியிட்டு, செய்த தப்பைச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும். அது ஆனால்தான் மறுநாள் நற்கருணை. ஆகாவிட்டால்... வெள்ளை கவுன் பீரோவிலேயே தொங்க வேண்டியதுதான்.

அதற்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒத்திகை நடந்திருக்கிறது. சிஸ்டர் நாற்காலியில் ஃபாதர் மாதிரி உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சும்மா பழகிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் பக்கத்து வீட்டுப் பூனை மேல் தண்ணீர் ஊற்றினானாம். ஒருத்தி டிபன் பாக்ஸ் உப்புமாவை ஜன்னல் வழியாக வெளியே தட்டினாளாம். என் பெண் மண்டியிட்டாள், "எனக்குப் பாவம் எதுவும் இல்ல சிஸ்டர்" என்றாள், உடனே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"திமிரா சொல்லலம்மா, பயந்துபோய் சொல்றா" என்றார் சிஸ்டர். "நான் தப்பு பண்ணேன்னு ஒரு வார்த்தை அவளுக்கு வாயில வரல. சனிக்கிழமை உள்ள போகவே மாட்டேங்கிறா. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நீங்க பேசிப் பாருங்க."

என் பெருமை எங்கே போனது என்று தெரியவில்லை.

ஸ்கூட்டரில் உழவர்கரைக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எழுத்து கொஞ்சம் கோணினால் ரப்பரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பக்கத்தையே ஓட்டையாக்குவாள். கலர் பென்சில் கோட்டுக்கு வெளியே போய்விட்டால் அந்தப் படம் அத்தோடு குப்பைக்கு. டீச்சர் இன்னொரு பிள்ளையைத் திட்டினாலும் இவளுக்கு வயிறு வலிக்கும். நான் இதையெல்லாம் "பொறுப்பான பிள்ளை" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரைப் பார்த்து இப்படி ஆனாள் என்று கேட்காதீர்கள். இந்தப் பத்தியைப் பத்திரிகைக்கு அனுப்பிய பிறகும், "சார், நாலாவது பாராவுல ஒரு கமா..." என்று ஆசிரியருக்குப் போன் செய்கிறவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக, அன்பாக, ஒரு பாவத்தைத் தேட ஆரம்பித்தேன்.

"நேத்து தம்பியை அடிச்சியே?"

"அவன்தான் முதல்ல என் கிரேயானைக் கடிச்சான்."

"பால் குடிச்சிட்டேன்னு சொல்லிட்டு சிங்க்ல ஊத்தினியே, அது?"

"குடிச்சேன்மா. மீதியைத்தான் ஊத்தினேன்."

"மீதி எவ்ளோ?"

"நிறைய."

சண்டை, பொய், பிடிவாதம்... எதைத் தொட்டாலும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பெரிய வக்கீல் வைத்து வாதாடுகிற மாதிரி எல்லா வழக்கிலும் விடுதலை. எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் இப்படித்தானே? நாம் கத்தினால் அது டென்ஷன். அடுத்தவர் கத்தினால் அது கோபம். நம் தப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு காரணம் காவலுக்கு நிற்கும். அடுத்தவர் தப்பு மட்டும்தான் தனியாக மாட்டும்.

வக்கீல் அம்மாள் திடீரென்று என்னைக் கேட்டாள். "அம்மா, தப்பே பண்ணாதவங்க யாராவது இருக்காங்களா?"

இயேசு இருக்கிறார், மாதா இருக்கிறார் என்றேன். மறைக்கல்வியில் நானும் நன்றாகப் படித்தவள்தான்.

"அவங்களை விடும்மா. நம்ம தெருவுல?"

நம் தெருவில்! இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? புனிதர்கள்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள்தான் என்றேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிற ஃபாதரும் இன்னொரு ஃபாதரிடம் போய் மண்டியிடுவார், போப்பாண்டவரும் அப்படியே என்றேன். கண்களை அகலமாக விரித்துக் கேட்டாள். ஆனால் நம்பவில்லை. போப்பாண்டவர் உப்புமாவை ஜன்னல் வழியாகத் தட்டமாட்டார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் என் கணவர் லூர்து வீட்டுக்கு வந்ததும் அதே கேள்வி அவருக்கும் போனது. அவர் உள்ளூர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். நாள் முழுக்க இரும்பு உருளைகளை அளந்து, இது போகலாம், இது வேண்டாம் என்று பிரிப்பதுதான் வேலை. பர்ஃபெக்‌ஷனைப் பற்றி அவரைவிட்டால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்பது?

"சரியா இருபத்தஞ்சு மில்லிமீட்டர்னு ஒரு பீஸும் வராது பாப்பா" என்றார். "டிராயிங்லயே போட்டிருக்கும், கொஞ்சம் கூட இருக்கலாம், கொஞ்சம் குறைச்சலா இருக்கலாம்னு. அந்தக் கொஞ்சத்துக்குள்ள இருந்தா பாஸ். அது இல்லாம கரெக்டா இருபத்தஞ்சுதான் வேணும்னு நின்னா, எங்க கேட்டைத் தாண்டி ஒரு பம்பு வெளிய போவாது."

செலின் யோசித்தாள். "அப்போ எனக்கு எவ்ளோ இருக்கலாம்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் அளவு போடுகிற ஆள் நான்தானாம். நான் உடனே எழுந்து போய் இட்லிக்கு ஊறவைத்த உளுந்தைப் பார்த்தேன். உளுந்து நன்றாகவே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் கவிதாவிடம் புலம்பினேன். கவிதா என் ஸ்கூட்டர் தோழி. தவளக்குப்பத்திலிருந்து வருகிறாள். இருவரும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் உலகத்தின் எல்லாப் பிரச்சினைகளையும் பேசித் தீர்த்துவிடுவோம்.

"ஒரு குறையும் இல்லாம ஆயிட்டா அப்புறம் பொறப்பே கிடையாதுன்னு எங்க வீட்ல சொல்வாங்க" என்றாள் கவிதா. "நீயும் நானும் இந்த வெயில்ல ஸ்கூல் கேட்ல நிக்கிறோம் இல்ல? அதுலயே தெரியலையா நம்ம லட்சணம்."

 ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொண்டேன்.

கவுன் அளவு பார்க்க மாடி வீட்டு ஷகிலா அக்காவிடம் போனபோது, செலினே நேராகக் கேட்டுவிட்டாள். புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைத்துக்கொடுப்பது ஷகிலா அக்காதான். எங்கள் தெருவில் மூன்று மதத்துக்கும் ஒரே தையல் மெஷின்.

"அக்கா... நீங்க தப்பு பண்ணியிருக்கீங்களா?"

நான் அவள் தோளைக் கிள்ளினேன். ஷகிலா அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார். "நபிமாருங்களை விட்டுடு கண்ணு. மத்தவங்க எல்லாம் மறக்கிறவங்கதான், தப்பு பண்றவங்கதான். அதனாலதான் மேல இருக்கிறவன் அஞ்சு வேளை கூப்புடுறான். காலைல ஒருவாட்டி தொழுது அதோட சரியாயிடுவோம்னா மீதி நாலு வேளை எதுக்கு?"

"அப்போ தினமும் மன்னிப்பா?"

"தினமும்தான். திரும்பு, பின்னாடி பார்க்கணும்."

செலின் திரும்பினாள். யோசித்துக்கொண்டே திரும்பினாள்.

எனக்கு நிம்மதியாக இருந்ததா? இருந்தது. ஒரு ஐந்து நிமிடம். பிறகு காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. என் பெண்ணிடம் மட்டும் ஒரு பாவமும் கைவசம் இல்லை.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உங்களில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன். புரியாதவர்கள் தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள். பரீட்சை வருகிறது, பிள்ளை தயாராக இல்லை — ஒரு அம்மா என்ன செய்வாள்?

கோச்சிங்.

மூன்று பாவங்களைத் தேர்ந்தெடுத்தேன். சும்மா இல்லை, ரொம்ப யோசித்து. திருட்டு வேண்டவே வேண்டாம். ஃபாதருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிக்கிறவள் நான். பொய்யும் கொஞ்சம் காட்டமாகத் தெரிந்தது. கடைசியில், மரியாதையான குடும்பத்துப் பிள்ளை செய்யக்கூடிய மூன்று மரியாதையான பாவங்கள் தேறின. அம்மா ஒருமுறை கூப்பிட்டதும் வராதது. தம்பியோடு சண்டை. ஜெபத்தில் பராக்கு.

சாப்பிடும்போது கேட்டேன். குளிக்கும்போது கேட்டேன். ஸ்கூட்டரில் போகும்போதும் ரிவிஷன். "இப்ப என்ன, மாடல் கொஸ்டின் பேப்பரும் குடுக்கப் போறியா?" என்றார் லூர்து. நான் காதில் வாங்கவில்லை.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது செலின் பின்னால் உட்கார்ந்து சத்தமாக ஒப்பித்தாள். "அம்மா கூப்பிட்டப்போ வரல சாமி, தம்பிகூட சண்டை போட்டேன் சாமி, ஜெபத்துல பராக்கு சாமி." பக்கத்து பைக்கில் இருந்த அண்ணன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். "இவ்ளோதானா பாப்பா?" என்றார். பச்சை விழுந்ததும் போய்விட்டார். அவர் மனசில் என்ன இருந்ததோ... பெருமூச்சு விட்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஒத்திகை. முதல் இரண்டும் சரளமாக வந்தன. மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"பராக்குன்னா என்னாம்மா?"

"ஜெபம் பண்ணும்போது மனசு வேற எங்கயாவது போறது."

"எனக்குப் போகலியே. நான் கண்ணை மூடிட்டு ஒழுங்காத்தான் பண்றேன்."

"சரி, ஒருநாளாவது போயிருக்கும். சும்மா சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கிண்டலில்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பது போன்ற ஒரு பார்வை. "பண்ணாததைப் பண்ணேன்னு சாமிகிட்டயே போய்ச் சொன்னா... அது பொய்தானேம்மா?"



பொய் காட்டமாக இருக்கிறது என்று ஒதுக்கிவைத்தவள் நான். என் பெண்ணை ஒரு குறையும் இல்லாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பவேண்டும் என்ற அவசரத்தில், அவளுக்கு ஒரு புது பாவத்தை நானே தயாரித்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அதையும் மனப்பாடம் செய்யவைத்து.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்வேன்? "சரி சரி, போய் படு" என்பேன். வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்தான்" என்றேன். "அம்மாதான் தப்பு பண்ணிட்டேன். மூணையும் மறந்துடு."

செலின் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "நீ தப்பு பண்ணியா?"

"ம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்போ நீயும் போய்ச் சொல்லணுமே."

"நாளைக்கு நானும் வரிசைல நிக்கப்போறேன்."

 பிறகு கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டாள். "உனக்குப் பயமா இல்லையா?"

இருக்கிறது என்றேன். அதுவும் நிஜம்தான்.  அவள் என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்கிறாளாம்.

சனிக்கிழமை கோயில் முழுக்கப் பிள்ளைகள், அவர்களைவிட அதிகமாக அம்மாக்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்போம் — மரக்கூண்டு, நடுவில் ஃபாதர், பக்கவாட்டில் வலைத்தட்டி. அதற்கு வெளியே வரிசை. எங்கள் முறை நெருங்க நெருங்க, செலின் என் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே போனாள். கடைசியில் துப்பட்டா முழுக்க அவளிடம்.

"நீ முதல்ல போ" என்றாள்.

போனேன். அங்கே நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாம். மூன்று மரியாதையான பாவங்கள் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் அவள் என் முகத்தை ஆராய்ந்தாள். டாக்டர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"திட்டினாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. ஒரு ஜெபம் சொல்லச் சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

துப்பட்டாவை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். பின்னால் நின்ற பையன் நெளிந்தான். சிஸ்டர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  எனக்குத் தெரிந்த எல்லா அறிவுரையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. நேரா நில்லு, சத்தமா பேசு, மன்னிப்புக் கேட்டுச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தில் அந்த இரண்டாவது வரி... எல்லாவற்றையும் விழுங்கினேன். செலின் போனாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

போனவள் வரவில்லை.

மற்றப் பிள்ளைகள் போன வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பூனைக்காரன் நொடியில் முடித்துவிட்டான். என் பெண், ஒரு பாவமும் இல்லாத என் பெண், உள்ளே போய் இவ்வளவு நேரமாக என்ன சொல்கிறாள்? முன் பெஞ்சு அம்மாக்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அழுகிறாளோ? மந்திரம் மறந்துவிட்டதோ? சமைத்துக்கொடுத்த பாவங்களின் கதையையும் சேர்த்துச் சொல்கிறாளோ? சொன்னால் சொல்லட்டும், அதை நானே முதலில் சொல்லிவிட்டேன் என்று ஒரு மூலையில் ஆறுதல்.

அப்புறம் வந்தாள். கோயிலுக்குள் ஓடக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓடிவந்தாள். தொலைந்துபோன கம்மல் கிடைத்த மாதிரி ஒரு முகம். என் காதருகே வந்து சொல்வதாக நினைத்துக்கொண்டு, பாதிக் கோயிலுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ஒண்ணு இருந்துச்சும்மா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஷகிலா அக்காவின் கவுனில் எல்லோரையும்போல வரிசையில் போனாள். பாட்டில் ஒரு வரியை மற்றவர்களுக்கு முன்பே, தனியாக, கணீரென்று ஆரம்பித்துவிட்டாள். கோயிலே அவளைப் பார்த்தது.  முன்பு என்றால் அத்தோடு அழுதிருப்பாள். அவளோ நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வரியில் எல்லோரோடும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைச்சல் எவ்வளவு என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்போது முடிவு செய்தேன். இந்த முடிவில் எத்தனை நாள் நிற்பேன் என்று தெரியாது. என்னை எனக்குத் தெரியும்.

ஏனென்றால், ஒரு விஷயம் மட்டும் இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த 'ஒண்ணு' என்ன?

கேட்டுப் பார்த்தேன். நேராக ஒருமுறை, சுற்றிவளைத்துப் பலமுறை. ஐஸ்கிரீம் கடையில் உட்காரவைத்தும் பார்த்தேன். "அது எனக்கும் சாமிக்கும்" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீமை மட்டும் முடித்தாள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறேன், நகத்தைப் பார்க்கிறேன், பையைப் பார்க்கிறேன், வீட்டுப்பாடத்தை வரிவரியாகப் பார்க்கிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குள் நான் திருத்த முடியாத ஒன்று இருந்திருக்கிறது. என்னைக் கேட்காமலே அது மன்னிக்கவும்பட்டுவிட்டது.

என்னவாக இருக்கும்? தம்பி விஷயமா? பள்ளிக்கூடத்திலா? ஒருவேளை என்னைப் பற்றியா? உங்கள் வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஏதாவது தோன்றினால் எனக்கு ஒரு வரி எழுதுங்களேன்...

இல்லை, வேண்டாம். எழுதாதீர்கள்.